மந்திரித்த அரிசி

1933 ஏப்ரல் 24, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து இன்று வகுப்பு. வெயிலை உத்தேசித்துக் காலை ஆறரைக்கே ஆரம்பித்து ஒன்பதுக்குள் விட்டுவிடுகிறார்கள். ஆண்கள் எல்லாரும் பெஞ்சில். என் நாற்காலி மட்டும் பழையபடி சன்னல் ஓரம், தனியாக. சட்டக் கல்லூரியில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் இந்த ஏற்பாடு. இது மரியாதையா, தள்ளி வைப்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தக் கோடை முழுவதும் குற்றவியல். எது குற்றம், எது சாட்சியம், யார் நிரூபிக்க வேண்டும். போன வருஷம் படித்த சொத்து, வாரிசு, பாகப்பிரிவினை எல்லாவற்றையும் விட இது பிடித்திருக்கிறது. இதில் மனிதர்கள் வருகிறார்கள்.

பேராசிரியர் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருக்கிற பிரெஞ்சுக்காரர். என்னைப் பார்த்துக் கேட்டார்: ஒருவன் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் சாட்சியம் தேவையா? தேவை என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். எழுந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். கடைசியில் "உட்காருங்கள், மதமுவாசேல்" என்றார், பரிதாபமாக.

வெளியே வரும்போது கூடப் படிக்கிற லூர்துநாதன் சொன்னான்: "கேள்விய எழுதிக் குடுத்துட்டு ஒரு வாரம் கழிச்சி வந்தா, அகஸ்டினா பதில அச்சுலயே போட்டுக் குடுத்துடுவா." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூலையில் வாய்மொழித் தேர்வு. எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் அதில் வாய் திறக்காவிட்டால் போச்சு.

மே 2

வெயில். எதுவும் படிக்கவில்லை.

மே 9, செவ்வாய்

வகுப்பு முழுவதையும் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். உப்பளத்துக் கிடங்கில் வேலை பார்க்கிற ஒருவன் மூட்டை திருடினான் என்று வழக்கு.

நீதிபதியின் மேடைக்குக் கீழே அப்பா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அப்பா கோர்ட்டில் குமாஸ்தா என்பது பிறந்ததிலிருந்து தெரியும். வேலையில் பார்த்தது இன்றுதான். ஒருமுறைகூட நிமிரவில்லை. வீட்டில் எதற்கும் சத்தம் போடுகிற அப்பா வேறு, இவர் வேறு.

கூண்டில் நின்றவன் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். கேள்வி கேட்டால் தொண்டையைச் செருமுகிறான், சத்தம் வரவில்லை. என் பின்னால் ஒருவர், "திருட்டு முழி பாரு" என்றார். எனக்குத் திக்கென்றது. நான் அங்கே நின்றால் என் முழியும் அதுதானே.

சாட்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. விட்டுவிட்டார்கள். விடுதலை என்பதை நீதிபதி எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார். அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சட்டப்படி நீதிபதி தன் மனத்தின் தெளிவைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறாராம். அந்த மனம் யார் சொன்னதைக் கேட்டுத் தெளிந்தது? பேராசிரியரிடம் இதைக் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

மே 20, சனி

அத்தையின் சங்கிலியைக் காணோம்.

ஞானமேரி அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அம்மா போனபிறகு இந்த வீடு அவள் கையில்தான். குளிக்கப் போகும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மாதா மாடத்தில், சுரூபத்தின் காலடியில் வைப்பாள். மாதா பார்த்துக்கொள்வாளாம். நேற்றுச் சாயங்காலம் குளிக்கப் போனாள், வந்தாள், அதற்குள் ஜெபத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், மறந்துவிட்டாள். மே மாதம் மாதாவின் மாதம் அல்லவா, தினம் சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாரும் நம் வீட்டில்தான் ஜெபமாலை. காலையில் எழுந்து கழுத்தைத் தடவிப் பார்த்தால் இல்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். இல்லை.

"அன்னக்கிளிதான் கூட்டுனா, மாடத்துப் பக்கம்" என்றாள் அத்தை.

"ஜெபத்துக்கு அத்தன பேரு வந்தாங்களே அத்தை. மாடத்துக்கு முன்னாலதான் முட்டி போட்டிருந்தாங்க."

"அடி பாவி. மாதாவக் கும்புட வந்தவங்களயா சொல்ற? நாக்கு அழுகிப்போவும்."

மே 22, திங்கள்

அன்னக்கிளி குருசுக்குப்பத்திலிருந்து வருகிறாள். நம் வீட்டோடு இந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், வாசல் கூட்டுகிறாள். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். புருஷன் அம்மாவாசை கட்டுமரத்தில் போகிறவன். வாயாடி. நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், "படிச்சிப் படிச்சிக் கண்ணு பூத்துடப் போவுது சின்னம்மா, அப்பறம் மாப்ள மூஞ்சிகூடத் தெரியாது" என்பாள்.

இன்று பேசவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போலீஸ் கொமிசேரிடம் பிராது கொடுக்கலாமா என்று அப்பா யோசித்தார். அத்தை வேண்டாம் என்றாள். அரிசி வாங்கி வருகிறாளாம். அத்தர்க் கடை ஜலால் பாய் ஓதித் தருகிற அரிசிக்கு ஊரில் பெரிய பேர். இந்து, கிறிஸ்துவர், துலுக்கர் எல்லாரும் வாங்குவார்கள். சந்தேகப்பட்டவர்கள் பச்சரிசியை மென்று துப்ப வேண்டும். குற்றம் இல்லாதவன் துப்பியது எச்சிலில் கூழாக வரும். திருடினவனுக்கு வாய் ஊறாது, உலர்ந்த மாவாக வரும்.

"அப்பா, நீங்க கோர்ட்டுல இருக்கறவரு" என்றேன்.

"கோர்ட்டுக்குப் போனா ஊருக்கே தெரியும். இது வூட்டோட போயிடும். அவளுக்கும் நல்லதுதான்."

அவளுக்கும் நல்லது.

மே 23, செவ்வாய்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கூடத்தில் வாழை இலை போட்டாள் அத்தை. தண்ணி ஊற்ற வருகிற முருகையனும் அன்னக்கிளியும் நின்றார்கள். எதிர்வீட்டு லூர்துசெல்வி அக்கா சும்மா வந்ததுபோல வந்து தூணோரம் நின்றாள். பின்னாலேயே கோடிவீட்டு அம்மாளும் இன்னொருத்தியும். வீட்டோடு போய்விடும் என்றாரே அப்பா.

முருகையன் சிரித்துக்கொண்டே மென்றான். "பாயிகிட்ட கொஞ்சம் வெல்லமும் சேத்து ஓதச் சொல்லக் கூடாதாம்மா?" துப்பினான். கூழ்.

அன்னக்கிளி மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கண்கள் ஒவ்வொரு முகமாகப் போயின. துப்பியபோது வெள்ளை மாவு. இலையில் ஒட்டக்கூட இல்லை.

"நான் எடுக்கலம்மா. கடலம்மா மேல சத்தியம். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"அரிசி பொய் சொல்லாதுடி" என்றாள் அத்தை.

அப்பா கோர்ட்டுக் குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலைலக்குள்ள கொண்டாந்து வச்சிடு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம். இல்லன்னா கொமிசேர்கிட்ட விடறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

நான் அறை வாசலிலேயே நின்றேன். தெரியுமே எனக்கு. எத்தனை தடவை, அந்த வகுப்பில், எல்லாரும் பார்க்கப் பார்க்க — என் வாய்தானே அது. சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வேண்டுமே. என்னடி சட்டம் படிக்கற நீ?

கொமிசேரிடம் போனால் அவள் ஜெயிலுக்குப் போனாலும் போவாள். போகாவிட்டாலும் திருடி என்ற பேரோடு எந்த வீட்டுப் படி ஏறுவாள்?

மே 24, புதன்

அவள் ஓடிப்போகவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றாள். துடைப்பத்தைத் தொடவில்லை. பின்னால் அம்மாவாசை, கை கட்டி. நேற்று வந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

அப்பா சட்டை போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

நான் மாடத்தில் மீந்திருந்த அரிசிப் பொட்டலத்தை எடுத்தேன். ஒரு வாழை இலையைக் கூடத்தில் போட்டேன். "எனக்கும் குடுங்க அத்தை."

"ஒனக்கு எதுக்குடி? காலைல ஒண்ணும் துன்னலையா?"

"அன்னிக்கு நானும் வூட்டுலதான இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அப்பா, "அகஸ்டினா, வெளையாட்டு வேணாம்" என்றார். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் ஊறாது என்று தெரிந்துதான் கேட்டேன். ஒரே ஒரு பயம்: எப்போதும் உலர்ந்துபோகிற என் வாய் இன்றைக்கென்று பார்த்து ஊறிவிட்டால்? அவள் கதை அத்தோடு முடிந்தது.

மென்றேன். வாயெல்லாம் மணல். எல்லாக் கண்ணும் என்மேல். துப்பினேன். மாவு. கொஞ்சம் என் தாவணியில் பறந்து விழுந்தது.

அத்தை, "அது… அவளுக்குக் கூச்சம். சின்னதுலேருந்தே நாலு பேரு பாத்தா அவளுக்கு அப்பிடித்தான்" என்றாள்.

"அன்னக்கிளிக்கும் அப்பிடி இருக்கக் கூடாதா அத்தை?"

குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது. அப்பாவைப் பார்த்து மிச்சத்தையும் சொன்னேன். அரிசி பயந்தவளைக் காட்டும், எடுத்தவளைக் காட்டாது. முருகையனுக்குப் பயம் இல்லை, அவ்வளவுதான். சங்கிலியை அவள் கையில் யாரும் பார்க்கவில்லை. அவள் எடுத்தாள் என்பதை நாம்தான் காட்ட வேண்டும், எடுக்கவில்லை என்று அவள் காட்ட வேண்டியதில்லை. "உங்க கோர்ட்டுல இந்த எலைய சாட்சியா எடுத்துக்குவாங்களாப்பா?"

அப்பா இலையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "கொமிசேர் வேணாம்."

முருகையன் வாளியை எடுத்துக்கொண்டே, "அப்ப நான்தான் பயமில்லாத திருடனா சின்னம்மா?" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் அந்தக் கூடத்தில் எல்லாராலும் மூச்சு விட முடிந்தது.

ஆனால் அத்தை அன்னக்கிளியைப் பார்த்துச் சொன்னாள்: "சரி, போ. இனிமே இந்தப் படி ஏறாத."

மே 31

மாதா மாதம் முடிந்தது. முடிசூட்டு ஜெபத்துக்குத் தெருவே வந்தது. சங்கிலியைப் பற்றி மாதா முன்னால் யாரும் பேசவில்லை. சமையற்கட்டில் பேசினார்கள்.

ஜூன் 11, ஞாயிறு

மற்ற இரண்டு வீட்டிலும் அன்னக்கிளியை நிறுத்திவிட்டார்களாம். முருகையன் சொன்னான். பூசை முடிந்ததும் அவனையே துணைக்கு அழைத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். அத்தையிடம் நூலகம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நூலகம் மூடியிருக்கும் என்பது அத்தைக்குத் தெரியாது.

மணலில் கருவாடு காயப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க வக்கீலம்மா."

குத்தலா, பாசமா? இரண்டும்தான்.

நல்லது நடந்தது என்று சொல்ல வந்திருந்தேன் போலிருக்கிறது. அவள் சொன்னாள்: "ஜெயிலுக்குப் போவாம காப்பாத்துனீங்க, இல்லங்கல. ஆனா இங்க தண்ணி எடுக்கப் போனா, 'அரிசி துன்னவ வரா, தாலிய மறைச்சிக்கோ'ன்றாளுங்க. என் மாமியாரே சொல்லுது. சொன்னவங்க நாலு பேரு முன்னால சொன்னாங்க. இல்லன்னு சொல்றது மட்டும் உங்க வூட்டுக்குள்ளயே நின்னுடுச்சி."

"நான் என்ன செய்யணும், அன்னக்கிளி?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கருவாடு திருப்பிக்கினு ஒக்காந்திருக்கேன்?"

காக்காயை விரட்டப் போய்விட்டாள். திரும்பி நடக்கும்போது அந்த உப்பளத்து ஆளை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு விடுதலையை எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார்கள். இவளுடையதை யாரும் வாசிக்கவில்லை.

ஜூன் 19

வகுப்பில் இன்று கை தூக்கினேன். பேராசிரியர் கவனிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகு வருத்தமாக இருந்தது.

ஜூன் 27, செவ்வாய்

அத்தையிடம் பேசிப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவ எடுத்தத நீங்க பாத்தீங்களா அத்தை?"

"யாரும் எடுக்காமலா போச்சி? றெக்க மொளச்சிப் பறந்துச்சா?"

"பாத்தீங்களான்னு கேக்கறேன்."

ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல: "அவ இல்லன்னா அப்பறம் யாருன்னு நெனைக்கணும். ஜெபத்துக்கு வர ஒவ்வொருத்தி மூஞ்சியா பாக்கணும். என்னால முடியாதுடி."

இத்தனை நாளும் அத்தைமேல் கோபமாக இருந்தேன். இன்று அது கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது. சங்கிலி மாமா போட்டது. மாமா போய் எத்தனையோ வருஷம்.

ஆனால் அத்தையின் நிம்மதிக்கு அன்னக்கிளியா விலை?

ஜூலை 6

நாளை தலை வெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. திரு இருதய ஜெபத்துக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் நம் வீட்டுக்கு வருவார்கள். தீர்மானித்துவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிவைத்துக்கொள்ளலாமா? கூடாது. எழுதினால் வாசிக்கத்தான் தோன்றும்.

ஜூலை 7, வெள்ளி

பிரார்த்தனை முடிந்து எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்கள். நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன். வழியை மறித்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

"ஒரு நிமிஷம். அத்தையோட சங்கிலி காணாமப் போனது எல்லாருக்கும் தெரியும். அன்னக்கிளி அரிசி மென்னதும் தெரியும். அவதான் எடுத்தான்னு இந்த வூட்டுல யாருகிட்டயும் ஒரு சாட்சியும் இல்ல. அப்பா பிராது குடுக்கல. அவமேல குத்தம் இல்லன்னு இந்த வூட்டுலேருந்து நான் சொல்றேன். நாலு பேரு முன்னாலதான் சொன்னோம், அதனால நாலு பேரு முன்னாலயே திருப்பிச் சொல்றேன்."

இவ்வளவுதான் பேசினேன். இதைச் சொல்வதற்குள் எத்தனை முறை எச்சில் விழுங்கப் பார்த்தேனோ. விழுங்க ஒன்றும் இல்லை.

கோடிவீட்டுக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அப்ப எங்கள்ல ஒருத்தி எடுத்தான்றியா?"

"இல்லைங்க. யாருன்னு தெரியலன்றேன்."

"தெரியலன்னா எங்களயுந்தான சேத்து சொல்ற?"

"என்னையும் சேத்துத்தான். நான் துப்புனதும் மாவுதான, நீங்கதான் பாத்தீங்களே."

லூர்துசெல்வி அக்கா சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேசத்தான் பெண்ணைப் படிக்க அனுப்புகிறார்களா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இரண்டு பேர் முக்காட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவ்வளவுதான், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

அப்போது அத்தை மாடத்துக்கு முன்னால் முட்டி போட்டபடியே, திரும்பாமல் சொன்னாள்: "அவ எடுத்தத நான் பாக்கல."

யாரோ, "என்னா ஞானம்?" என்று கேட்டார்கள்.

"பாக்கலன்றேன். பாக்காமத்தான் சொன்னேன்."

கிளம்பியவர்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எல்லாரும் போனபின் அத்தை எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 9

லூர்துசெல்வி அக்கா வீட்டில் அன்னக்கிளி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "சம்பளம் ஜாஸ்தி கேக்கறாடி. நியாயமாத்தான் கேக்கறா" என்றாள் அக்கா.

கோடிவீட்டு அம்மாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூலை 14

பிரெஞ்சுக் குடியரசு நாள். கடற்கரையில் அணிவகுப்பு, வாணவேடிக்கை. போகவில்லை. செவ்வாய்க்கிழமை தேர்வு.

ஜூலை 18, செவ்வாய்

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவலர் ஒருவர் வீட்டுக்குள் எப்போது நுழையலாம், எப்போது கூடாது என்று கேட்டார்கள். சொன்னேன். கையும் களவுமாகப் பிடிப்பது பற்றிக் கேட்டார்கள். பாதி சரியாகச் சொன்னேன், பாதி தப்பு. தப்பு என்று அவர்கள் சொன்னபோது, எதனால் அப்படி நினைத்தேன் என்று விளக்கினேன். நடுவில் இருந்தவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

வாய் உலர்ந்தேதான் இருந்தது. இந்தக் கோடையில் அது மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. உலர்ந்த வாயாலும் பேசலாம் போலிருக்கிறது.

ஜூலை 29

தேறிவிட்டேன். பெரிய மதிப்பெண் இல்லை. லூர்துநாதன் என்னைவிட மூன்று இடம் மேலே. "அச்சாபீஸ மூடிட்டியா?" என்றான். ஆமாம் என்றேன்.

ரிசல்ட் தாளை அப்பா இரண்டு தடவை படித்தார். "அடுத்த வருஷத்துக்கு என்ன புஸ்தகம் வாங்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்டு 6, ஞாயிறு

சங்கிலி கிடைக்கவில்லை. இனிக் கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. அத்தை கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை கோத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

யார் எடுத்திருப்பார்கள் என்று நானும் சில சமயம் நினைக்கிறேன். ஜெபத்தின்போது ஒரு முகத்தைப் பார்த்து ஏதோ தோன்றுகிறது, உடனே அதை விட்டுவிடுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. நிரூபிக்கும்வரை யாரும் குற்றவாளி இல்லை என்று பாடத்தில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது.

ஆகஸ்டு 19, சனி

அன்னக்கிளி வந்தாள். எதிர்வீட்டு வேலை முடிந்து, நேராக. நம் படி ஏறவில்லை, வாசலில் நின்றே கூப்பிட்டாள். கூட ஒருத்தி, கண் வீங்கி. அஞ்சலாட்சி என்று பேர், அவளுடைய குப்பம்தான். வலைத் தகராறில் யாருக்கோ மண்டை உடைந்து, இவள் புருஷனைக் காலையில் பிடித்துப் போயிருக்கிறார்கள். அடித்தது அவன் இல்லை என்கிறாள்.

"வக்கீலம்மாவுக்கு இன்னும் கோட்டு வரலன்னு சொன்னேன். பரவால்ல, கேட்டுக்குனு என்னா செய்யணும்னாச்சும் சொல்லட்டும்னுது" என்றாள் அன்னக்கிளி.

அப்பா கூடத்தில் மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். "நான் கோர்ட்டு ஆளு. இதெல்லாம் என் காதுல விழக் கூடாது" என்றார். காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். நாற்காலியை எனக்காகப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தை வாசலுக்குப் போனாள். அன்னக்கிளியைப் பார்த்தாள். "வெயில்ல ஏன் நிக்கற? உள்ள வா" என்றாள். அன்னக்கிளி அந்தப் படியைப் பார்த்தாள். அப்புறம் அஞ்சலாட்சியை முன்னால் விட்டுத் தானும் வந்தாள்.

அஞ்சலாட்சியை உட்காரச் சொன்னேன். தரையில் உட்காரப் போனவளை எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தேன்.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றேன். "அவசரம் இல்ல."